அண்ணன் மகளுக்கு 16 வயசு. "நானாத்தான் மில்லுக்குப் போறேன்"ங்கிறா. அதைச் சம்மதம்னு எடுத்துக்கலாமா?

வேடசந்தூர் அத்தை (கேள்வி)

வேடசந்தூர் பக்கம் எங்க ஊர். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் நூல் மில்லுதான். விடியறதுக்கு முன்னாடியே மில்லு பஸ் ஊருக்குள்ள வந்து ஹாரன் அடிக்கும்.

எங்க அண்ணன் மக இந்த வருஷம் பத்தாவது பாஸ். மாசியில 16 முடிஞ்சது. கெட்டிக்காரப் பிள்ளை, கணக்குல மட்டும் கொஞ்சம் தகராறு. அண்ணன் போர் போட்டார், தண்ணி வரல, கடன் மட்டும் நிக்குது. மதினி பேர்ல குழுக்கடன் ரெண்டு. அவங்களுக்கு வர்ற உரிமைத் தொகை ஆயிரமும் அப்படியே தவணைக்குப் போயிடுது. செவ்வாய்க்கிழமை ஆனா வசூலுக்கு வர்ற பையன் திண்ணையில உட்கார்ந்துடுவான். பணத்தை எண்ணி வைக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டான். அக்கம் பக்கம் எல்லாம் பார்க்கும்.

போன மாசம் ஒரு ஏஜென்ட் வந்து பேசிட்டுப் போயிருக்கார். ஹாஸ்டல்ல தங்கணும், சாப்பாடு அவங்களது, சம்பளத்துல ஒரு பங்கு மாசாமாசம் வீட்டுக்கு வரும், மீதியைப் பிடிச்சு வச்சு மூணு வருஷம் முடிஞ்சதும் மொத்தமாத் தருவாங்களாம். அண்ணன் அவளைப் போகச் சொல்லவும் இல்ல, போகாதன்னு சொல்லவும் இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கார். பேசுறது எல்லாம் அவதான்.

"யாரும் என்னை அனுப்பல. நானாத்தான் போறேன் அத்தை"ங்கிறா. நான் மறுத்துப் பேசினேன். படி, சின்னப் பிள்ளை உனக்கு இதெல்லாம் புரியாதுன்னேன். அதுக்கு அவ திருப்பிக் கேட்டது: "உங்களை 17 வயசுல கல்யாணம் பண்ணிக் குடுத்தாங்களே, அப்போ யாராச்சும் உங்களைக் கேட்டாங்களா? நான் யாரும் கேக்காமலே என் முடிவைச் சொல்றேன். இதுல என்ன தப்பு?"

என்கிட்ட பதில் இல்ல. எங்க காலத்துல பொம்பளைப் பிள்ளை பேச்சைத் தள்ளி வச்சுட்டுத்தான் எல்லாம் நடந்துச்சு. இன்னைக்கு ஒருத்தி வாயைத் திறந்து எனக்கு இது வேணும்னு சொல்றப்போ, உனக்கு வயசு பத்தாதுன்னு நானே அதைத் தள்ளுறதுக்கு மனசு ஒப்பல. அதே சமயம், கடன்காரன் வாசல்ல உட்கார்ந்திருக்கையில ஒரு பிள்ளை சொல்ற "சரி" எந்த மாதிரி சரின்னும் மனசு கேக்குது.

அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க. அவ முடிவை மதிக்கணும்னா நான் என்ன செய்யணும்? தடுக்கணும்னா எந்த முகத்தோட தடுக்கிறது?

ஓவர்லாக்

சகோதரி, நான் தேனி மாவட்டத்துல இருந்து 15 வயசுல திருப்பூருக்கு வண்டி ஏறினவன். யாரும் தள்ளி விடல. ஒன்பதாவது பெயில், அப்பா குடி. ஊருல இருந்திருந்தா நானும் அந்தக் கடைக்குத்தான் போயிருப்பேன். பனியன் கம்பெனியில கைமடியா சேர்ந்தேன். டெய்லர் தைச்சுத் தள்ளுற பீஸை வாங்கி, அறுத்து, அடுக்கிக் கொடுக்கிற வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்துல டெய்லர் எழுந்து போனதும் அவர் மெஷின்ல உட்கார்ந்து வெட்டுத் துணியில தைச்சுப் பழகினேன். ஓரம் அடிச்சுத் தைக்கிற ஓவர்லாக் மெஷின் கைக்கு வந்ததும் பீஸ் ரேட்டுக்கு மாறினேன். தங்கச்சி நர்சிங் படிச்சது அந்தக் காசுலதான்.

அதனால 18 வயசுக்குக் கீழ இருக்கிறவனுக்கு முடிவெடுக்கத் தெரியாதுன்னு யாராவது சொன்னா எனக்குச் சுருக்குன்னு தைக்கும். என் வீட்டு நிலைமை எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. கர்நாடகாவுல 1990-ல வேலைக்குப் போற பிள்ளைங்களே சேர்ந்து பீமா சங்கான்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. எங்களை வேலையில இருந்து தூக்கி எறிஞ்சுட்டு காப்பாத்திட்டோம்னு சொல்லாதீங்க, எங்களைப் பத்திப் பேசறப்போ எங்களையும் கூப்பிட்டு உட்கார வைங்கன்னு அவங்க கேட்டாங்க. எனக்கு அது நியாயமாப் படுது.

இன்னொண்ணு யோசிங்க. மில்லுக்குப் போகாதன்னு தடுத்துட்டா அவ பிளஸ் ஒன் போயிடுவாளா? வீட்டுல இருக்கிற பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. எங்க ஊருல நான் பார்த்தது அதுதான். ரெயிடு வந்துச்சு, பிள்ளைங்களை வேலையில இருந்து நிறுத்தினாங்க, அடுத்த தை மாசம் ரெண்டு பேருக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டாங்க.

திருப்பூர்ல நான் பட்ட கஷ்டமும் உண்டு. சீசன் நேரத்துல ஒன்றரை ஷிஃப்ட், விடிய விடிய வேலை. ஒரு கம்பெனியில மேஸ்திரி கை நீட்டினான். அந்தச் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிட்டு, திங்கக்கிழமை பக்கத்துத் தெரு கம்பெனியில போய் உட்கார்ந்துட்டேன். பிழைக்கணும்னு நினைக்கிற பிள்ளைக்கு வழி தெரியும். நம்புங்க அவளை.

பழைய சைடர்

ஓவர்லாக் அண்ணன் எழுதினதுல பெரும்பகுதி எனக்கும் சம்மதம். அவர் கதையும் என் கதையும் ஒரே ஒரு இடத்துல பிரியுது. அதைச் சொல்லத்தான் எழுதுறேன்.

நானும் 16 நடக்கையில மில்லுக்குப் போனவ. சுமங்கலித் திட்டம் ஊர் ஊரா ஆள் எடுத்த காலம். பஸ் ஸ்டாண்டு சுவர்ல திருமகள் திருமணத் திட்டம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கும், பட்டுப்புடவை கட்டின பொண்ணு படம் போட்டு. மூணு வருஷம் முடிச்சா நாப்பதாயிரம். எங்க வீட்டுலயும் யாரும் என்னை விரட்டல. அம்மா வேண்டாம்னாங்க, நான்தான் சாப்பிடாம கிடந்து சாதிச்சேன். ஆட்டுக்குப் பின்னாடி அலையறது அலுத்துப் போச்சு, கையில காசு பார்க்கணும், நாலு ஊர்ப் பிள்ளைங்களோட இருக்கணும். அது என் ஆசைதான். இன்னைக்கு யாராவது வந்து உனக்கு அப்போ விவரம் தெரியாது, அது உன் சம்மதமே இல்லைன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா எதுக்குச் சம்மதிச்சேன்னு கேளுங்க. சேர்ந்த அன்னைக்கு உயரம் பார்த்தாங்க, எடை பார்த்தாங்க. ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்துட்டு வயசு 18ன்னு எழுதிக் குடுத்தார். அச்சடிச்ச தாள்ல கையெழுத்து வாங்கினாங்க, படிக்க நேரம் குடுக்கல. அதுல அப்ரண்டிஸ்னு, அதாவது பயிற்சி ஆளுன்னு இருந்ததே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

ரிங் ஃப்ரேம் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். நீளமான மெஷின், ரெண்டு பக்கமும் நூத்துக்கணக்குல கதிர் சுத்தும். சைடு பார்க்கிறதுன்னா அந்த வரிசையில மேலயும் கீழயும் நடந்துக்கிட்டே இருக்கணும். இழை அறுந்தா அந்தக் கதிரை மட்டும் நிறுத்தி, பாபின்ல நுனியைத் தேடி எடுத்து, டிராவலர்ங்கிற சின்னக் கம்பி வளையத்துல மாட்டி, மேல ரோலர்ல இருந்து வர்ற பஞ்சு இழையோட ஒரு தொடு தொட்டு ஒட்டணும். கை பழகுறதுக்குள்ள ஆள்காட்டி விரல் நுனி தோல் உரிஞ்சு போகும். இழை அறுக்கக் கூடாதுன்னு உள்ள ஈரக்காத்து அடிச்சு விட்டிருப்பாங்க. புழுக்கத்துல உடம்பு கசகசன்னு இருக்கும், அது மேல பஞ்சு வந்து ஒட்டும். சத்தத்துல பேச்சே கிடையாது, எல்லாம் கை ஜாடைதான். லீவு முடிஞ்சு திரும்பி வந்த முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். பஞ்சுத் தூசியால வர்ற நோய்க்கு அதுதான் முதல் அடையாளம்னு பிற்பாடு ஒரு டாக்டரம்மா சொன்னாங்க.

பகல், அரை நைட், முழு நைட்னு மாறி மாறி வரும். முழு நைட்ல விடியக்காலை மூணு மணிக்கு நடந்துக்கிட்டே தூங்கியிருக்கேன். அந்த நேரத்துலதான் விரல் மாட்டும்.

சேர்ந்து கொஞ்ச மாசத்துலயே எனக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு. வார்டன் என்னைப் பிடிச்சு வைக்கல. தாராளமாப் போ, ஆனா பிடிச்ச பணம் வராதுன்னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்கே போயிருந்தா போறது கொஞ்சப் பணம். இருந்துட்டேன். ரெண்டாவது வருஷம் போகணும்னு நினைச்சப்போ போறது நிறைய. நாள் ஆக ஆக வெளிய போறதுக்கான விலை ஏறிக்கிட்டே இருந்துச்சு. என் ரூம்ல இருந்த பிள்ளைக்கு மூணாவது வருஷத்துல மஞ்சக்காமாலை வந்து வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அவ அப்பா கேட்டுக்கு வந்து வந்து நின்னார். திட்டம் முடிக்கலன்னு ஒரு ரூபா குடுக்கல. அது என்ன அவங்க போடுற சீரா? அவ கூலி அது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா அவ கையில வர வேண்டியதைப் பிடிச்சு வச்சுட்டு, அதையே காட்டி அவளை இருக்க வச்சாங்க.

ஓவர்லாக் அண்ணே, உங்க மேல மேஸ்திரி கை வச்சப்போ உங்களுக்குச் சனிக்கிழமை இருந்துச்சு. ஆறு நாள் கூலி கையில, திங்கக்கிழமை அடுத்த தெரு. எங்களுக்கு அந்தச் சனிக்கிழமை மூணு வருஷம் கழிச்சு வந்துச்சு. உங்களுக்கும் எனக்கும் வயசுல வித்தியாசம் இல்ல, புத்தியில வித்தியாசம் இல்ல. உங்க சம்மதத்தை நீங்க வாராவாரம் திருப்பி எடுத்துக்கலாம், நான் குடுத்ததை எடுக்க முடியல.

அதனால அத்தை, உங்க மருமக சரின்னு சொல்றதை நீங்க மதிங்க. ஆனா அடுத்த மாசமே அவ வேண்டாம்னு சொன்னா அதையும் அந்த மில்லு அதே மாதிரி மதிக்குமான்னு பாருங்க. ஏஜென்ட்டைக் கூப்பிட்டு அவளையே கேக்கச் சொல்லுங்க: நடுவுல நின்னா அதுவரைக்கும் வேலை பார்த்த மொத்தக் கூலியும் வருமா, எத்தனை நாள்ல வரும், பணம் அவ பேர்ல இருக்கிற பாங்க் கணக்குல விழுமா, போன் அவ கையில இருக்குமா இல்ல ஆபீஸ்ல ஒருத்தர் பக்கத்துல நிக்கப் பேசணுமா, நைட் ஷிஃப்ட் உண்டா, ஞாயித்துக்கிழமை தனியா வெளிய விடுவாங்களா. எழுதிக் குடுங்கன்னும் கேக்கச் சொல்லுங்க.

இப்போ திட்டம்ங்கிற பேரை நிறைய இடத்துல எடுத்துட்டாங்க. ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைங்க வந்து நிக்கிறாங்க. ஆனா உங்க ஏஜென்ட் சொன்னதுல அந்த "மீதியைப் பிடிச்சு வச்சு"ங்கிற பேச்சு அப்படியே இருக்கு. அதைப் படிச்சதும் எனக்குத் தூக்கம் வரல.

கரூர் வக்கீல்

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

16 வயதுப் பெண் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1872 ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவு; மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் 1903-ல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. ஆகவே 'மூன்று வருஷம் இருப்பேன்' என்று அவள் எழுதிக் கொடுத்தாலும் அதைக் காட்டி யாரும் அவளை நிறுத்தி வைக்க முடியாது. அப்பா கையெழுத்துப் போட்டாலும் அவளுடைய மூன்று வருஷத்தை அவர் அடகு வைக்க முடியாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. செல்லாது என்றால் இரண்டு பக்கமும் செல்லாது. பம்பாயில் ராஜ்ராணி எதிர் பிரேம் அதீப் என்று ஒரு பழைய வழக்கு: மைனர் பெண்ணுக்குப் படத்தில் வேஷம் தருவதாகத் தயாரிப்பாளர் அவள் அப்பாவோடு ஒப்பந்தம் செய்தார். பிறகு வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்ணும் வழக்குப் போட முடியாது, அப்பாவும் போட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சிறாரைக் காப்பாற்ற வந்த சட்டம், வாக்குக் கொடுத்துவிட்டு மீறிய பெரியவரைக் காப்பாற்றிவிட்டது. ஏஜென்ட் வாய்ச்சொல்லாகத் தரும் 'மொத்தமாகத் தருவோம்' என்பதை நான் ஏன் நம்புவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் செய்த வேலைக்கான கூலி ஒப்பந்தத்தை நம்பி நிற்கவில்லை. குறைந்தபட்சக் கூலி என்பது அவளே குறைத்துக்கொள்ளச் சம்மதித்தாலும் குறைக்க முடியாதது. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி இதைத்தான் விரிவாக எழுதினார். வேறு வழியில்லாமல் பசியால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலைக்கு ஒப்புக்கொண்டால், அது அரசியல் சட்டம் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு. அங்கே பேசப்பட்டது வயது வந்தவர்களின் சம்மதம். நாற்பது வயது ஆளின் சம்மதத்தையே நீதிமன்றம் அப்படிப் பார்த்தது என்றால், செவ்வாய்க்கிழமைத் தவணைக்கு நடுவே ஒரு 16 வயதுப் பெண் சொல்லும் சம்மதத்தை எப்படிப் பார்க்க வேண்டும்?

வேலைக்குப் போகவே கூடாதா என்றால், அப்படி இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, முழுத் தடை. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை. மற்ற வேலைகளிலும் அந்தச் சட்டத்தின் ஒழுங்குமுறைப் பகுதி இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது, ஓவர்டைம் கூடாது, ஓய்வு நேரம் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. 1948-ல் வந்து 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டமும் இந்த வயதுப் பெண்ணை இரவில் நிறுத்த இடம் தந்ததில்லை. முழு நைட் உண்டு என்று ஏஜென்ட் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். வயதைக் கூட்டிச் சான்றிதழ் வாங்குவது இதையெல்லாம் தாண்டத்தான்.

வயது விஷயத்தில் சட்டத்துக்கு ஒரே கோடு கிடையாது. 14-ல் வேலை, 16-ல் கியர் இல்லாத சின்ன வண்டிக்கு லைசென்ஸ், 18-ல் ஓட்டு. கொடுங்குற்றம் என்றால் 16 வயதுக்காரரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் முதலில் ஆராய்கிறார்கள். தண்டிக்கும்போது பெரியவர் ஆக்கத் தயாராக இருக்கிறோம், அவளிடம் ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்லும்போது அந்த மரியாதை இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்காகப் படிப்பவர்கள் இருந்தால்: குழந்தைகள் உதவி எண் 1098. பணம் பிடித்து வைத்து வெளியே விடாமல் இருந்தால் 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

பள்ளிக்கூட வாத்தி

நான் ஒன்பது, பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவன். ஒரு சின்ன விஷயம் மட்டும்.

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கின் ஆய்வுகளில் ஒரு முடிவு எனக்கு வகுப்பறையிலும் பொருந்தி வருகிறது. அவசரம் இல்லாமல், தகவலை முன்னால் வைத்து யோசிக்கச் சொன்னால் 16 வயதுக்காரர்கள் ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கு யோசிக்கிறார்கள். பதற்றம், சக வயதினரின் பார்வை, உடனடி ஆசை இதெல்லாம் சேர்ந்தால் தடுமாறுகிறார்கள், அந்தப் பக்குவம் வர இன்னும் சில வருஷம் ஆகிறது.

அதனால் அவளுக்கு முடிவெடுக்கத் தெரியுமா என்பதை விட, எந்தச் சூழ்நிலையில் எடுக்க வைக்கிறோம் என்பதைப் பாருங்கள். தவணைக்காரர் வரும் செவ்வாய்க்கிழமை வேண்டாம். ஒரு வாரம் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா முகத்தைப் பார்க்காத இடத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். என்னிடம் "வேலைக்குப் போறேன் சார்" என்று டி.சி. கேட்டு வந்த பிள்ளைகளில் பலர், வீட்டுக் கடன் எவ்வளவு என்று எனக்கு ரூபாய்க் கணக்கில் சொன்னவர்கள். தன் ஆசை என்ன என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

அரசு ஐ.டி.ஐ.யையும் சொல்லி வையுங்கள். பத்தாவது போதும், மாதம் 750 உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 தனி. மில்லுப் பணத்துக்கு அது ஈடாகாது, தெரியும். ஆனால் 'படிப்பா, பணமா' என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிற ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

வேடசந்தூர் அத்தை

எல்லாருக்கும் நன்றி. பழைய சைடர் எழுதினதை அவளையே படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு ஒண்ணும் பேசல, போனை வாங்கி ரெண்டாவது தடவை படிச்சா.

வாத்தியார் சொன்ன மாதிரி எங்க வீட்டுல வந்து ஒரு வாரம் இருந்தா. நான் எதுவும் போதிக்கல. சேர்ந்து சமைச்சோம், சந்தைக்குப் போனோம். நாலாவது நாள் அவளா சொன்னா, மில்லுக்குப் போறதுல அவளுக்குப் பிடிச்ச பாதி, வீட்டை விட்டு வெளிய இருக்கலாம்ங்கிறதுதானாம். அம்மாவும் அப்பாவும் ராத்திரி கடன் கணக்குப் பேசிச் சண்டை போடுறதைக் கேட்டுக்கிட்டே தூங்க முடியலையாம். இது எங்க யாருக்கும் தோணல.

அப்புறம் ஏஜென்ட்டை வரச் சொன்னோம். கேள்வியெல்லாம் நோட்டுல அவளே எழுதி வச்சிருந்தா. அவ கேட்டா, அவர் எங்க அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார். நடுவுல நின்னா பணம் என்ன ஆகும்னு அவ கேட்டதுக்கு, "அதெல்லாம் கம்பெனி ரூல்ஸ் இருக்குண்ணே, பிள்ளை நல்லா இருக்கும்ணே"ன்னு அண்ணன்கிட்ட சொல்றார். எழுதித் தருவீங்களான்னு அவ கேட்டப்போ சிரிச்சுட்டு, அதுக்கும் அண்ணனைத்தான் பார்த்தார். நைட் ஷிஃப்டைப் பத்திக் கேட்டதுக்கு, வயசு பேப்பரை நாங்க பார்த்துக்குறோம்னார்.

அவர் போனதும் அவ சொன்னது: "அத்தை, அவர் ஒரு தடவை கூட என்னைப் பார்த்துப் பேசல. நான் சரின்னா மட்டும் போதும் அவருக்கு."

அந்த மில்லு வேண்டாம்னு அவளே முடிவு பண்ணிட்டா. பிளஸ் ஒன்னும் வேண்டாமாம், அதுல உறுதியா இருக்கா. ஐ.டி.ஐ.யில எலக்ட்ரீசியன் படிக்கணுமாம். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு எலக்ட்ரீசியன்னு மதினி கேட்டாங்க. நான் வாயைத் திறக்கல, அவளே பதில் சொல்லிக்கிட்டா. சனி, ஞாயிறு எங்க தெரு தையல் கடையில பட்டன் கட்டப் போறேன்னும் சொல்லியிருக்கா. பகல்ல மட்டும், கூலி அன்னன்னைக்கு. வேண்டாம்னா நிறுத்திக்கலாம். அதுக்கு நான் சரின்னுட்டேன்.

அண்ணன் இன்னும் முகம் குடுத்துப் பேசல. குழுக்கடன்ல ஒண்ணை என் நூறு நாள் வேலைக் காசுல நான் கட்டுறதாச் சொல்லியிருக்கேன், அது எவ்வளவு தூரம் ஓடும்னு பார்க்கணும். போர்க் கடனுக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

ஐ.டி.ஐ.க்கு என்னென்ன பேப்பர் வேணும்னு யாராவது சொன்னா உதவியா இருக்கும். திண்டுக்கல்ல சேர்க்கலாம்னு இருக்கோம்.

ஓவர்லாக்

சைடர் அக்கா சொன்ன சனிக்கிழமைக் கணக்கை நான் இதுவரை இப்படி யோசிச்சதில்ல. வாரச் சம்பளம்னா பெட்டிக்கடை பாக்கியை அடைக்கன்னுதான் நினைச்சிருந்தேன். நன்றி அக்கா. அத்தை, பட்டன் கட்டுறதுக்குப் பீஸ் கணக்கா, நாள் கணக்கான்னு முதல் நாளே பேசிக்கச் சொல்லுங்க. பீஸ் கணக்குன்னா அவளே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கணும். கடைக்காரர் எழுதுறதை நம்பி இருக்க வேண்டாம்.

கரூர் வக்கீல்

ஐ.டி.ஐ.க்கு: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று, ஆதார், போட்டோ. விண்ணப்பம் ஆன்லைனில்தான், ஆனால் திண்டுக்கல் அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் போனால் அங்கேயே போட்டுத் தருவார்கள். அசல் சான்றிதழ் எதையும் அந்த ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.

அவள் பேரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள். 10 வயதுக்கு மேற்பட்ட சிறார் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கை வங்கிகள் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. மேனேஜர் அப்பாவோடு சேர்த்துத்தான் என்றால் இதைச் சொல்லிக் கேளுங்கள். உதவித்தொகை அந்தக் கணக்கில் வரட்டும்.

பழைய சைடர்

எலக்ட்ரீசியன் படிச்சா அப்ரண்டிஸ்னு எங்கேயாவது கூப்பிடுவாங்க. அப்பவும் அந்த நோட்டை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. ஏதாவது கேக்கணும்னா அவளையே இங்க எழுதச் சொல்லுங்க அத்தை, நான் பதில் போடுறேன்.